ஒரு பேஸ்பால் டீமோட ஃபீல்டிங் வரலாறை பொசிஷன் வாரியா எழுதறது எப்படி? கார்டினல்ஸை வெச்சு ஒரு வழி

ஓசூர் கம்பெனிங்கள்ல அமெரிக்கா டீமோட ராத்திரி ஷிப்ட் பாக்கற பசங்க சில பேரு இப்ப பேஸ்பால் பாக்க ஆரம்பிச்சிருக்காங்க. செயின்ட் லூயிஸ்ல சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மேட்ச்னா அங்க கோடை காலத்துல நமக்கு விடிகாலை அஞ்சேகால், ஷிப்ட் முடிச்சு வந்து டீயை குடிச்சிட்டே நாலு இன்னிங்ஸ் பாத்துட்டு படுத்துக்கலாம். பேட்டிங், பிட்ச்சிங் எல்லாம் சீக்கிரமே புடிபட்டுடுது, ஆனா யாரு நல்ல ஃபீல்டர்னு கேட்டா எல்லாரும் முழிப்பாங்க. காவேரிப்பட்டினத்துல இருக்கற எங்க அக்கா பையன் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீம் பைத்தியம், "மாமா, நம்ம டீம்ல ஒவ்வொரு பொசிஷன்லயும் இதுவரைக்கும் யாரு பெஸ்ட்டுன்னு ஒரு வரலாறு எழுதப் போறேன், கோல்டு க்ளவ் லிஸ்ட்டை எடுத்து வரிசையா போட்டா முடிஞ்சுதுல்ல"ன்னான். (கோல்டு க்ளவ்னா வருஷா வருஷம் ஒவ்வொரு பொசிஷன்லயும் சிறந்த ஃபீல்டருக்கு குடுக்கற அவார்டு.) முடியாதுடா தம்பின்னு சொல்லி அவனுக்கு ஒரு மணி நேரம் வெளக்கினதைத்தான் இங்க எழுதறேன். வேற டீம் புடிச்சிருந்தாலும் இதே வழிதான், பேருங்க மட்டும் மாறும்.

முதல்ல நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோங்க, இது இல்லாம ஒரு ஸ்கோர் ஷீட்டும் படிக்க முடியாது. பிட்ச்சர் 1, கேட்ச்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவுல நிக்கறவரு) 6, லெஃப்ட் ஃபீல்டு 7, சென்டர் 8, ரைட் 9. ஷார்ட்ஸ்டாப் மட்டும் வரிசை மாறி 6ல உக்காந்திருப்பாரு, அதுல தான் புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழுவாங்க. 6-4-3ன்னு பாத்தீங்கன்னா ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து செகண்ட் பேஸுக்கு குடுத்து, அவரு ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிஞ்சு ரெண்டு பேரை அவுட் ஆக்கிட்டாங்கன்னு அர்த்தம், இதுக்கு பேரு டபுள் ப்ளே.

அப்புறம் எக்செல்ல ஒரு ஷீட் போடுங்க, இல்ல பெரிய லாங் சைஸ் நோட்டு இருந்தாலும் போதும். மேல இருந்து கீழ வருஷம், இடமிருந்து வலம் ஒம்போது பொசிஷன். ஒவ்வொரு கட்டத்துலயும் அந்த வருஷம் அந்த எடத்துல அதிக இன்னிங்ஸ் நின்னவரு பேரு, எத்தனை இன்னிங்ஸ், புட்அவுட் (அவுட்டை முடிச்சு வெச்சது), அசிஸ்ட் (அந்த அவுட்டுக்கு பந்தை எறிஞ்சு குடுத்தது), எரர் (சாதாரணமா முடிக்க வேண்டிய பந்தை கோட்டை விட்டது). அவார்டை இப்ப எழுதாதீங்க. கடைசில எழுதுங்க, முதல்லயே எழுதினா கண்ணு அங்கயே போய் நின்னுக்கும். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்துல டீம் பேரை தட்டினா வருஷா வருஷம் ஃபீல்டிங் கணக்கு பொசிஷன் பிரிச்சே கெடைக்கும், காசு இல்ல. பழைய மேட்ச் ஒண்ணொண்ணா பந்து பந்தா என்ன நடந்துச்சுன்னு வேணும்னா ரெட்ரோஷீட், அது 1989ல ஆரம்பிச்ச தன்னார்வலர் வேலை, அதுக்கு ஒரு கும்பிடு போடணும்.

1892ல நேஷனல் லீகுக்குள்ள (அங்க இருக்கற ரெண்டு பெரிய லீக்ல ஒண்ணு) வந்த டீம் இது, அத்தனை வருஷத்தையும் ஒரே மூச்சுல எழுத உக்காந்தா ஒரு வாரத்துல நோட்டு பரண் மேல போயிடும். 1957ல இருந்து ஆரம்பிங்க, கோல்டு க்ளவ் அவார்டு அந்த வருஷம் தான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி காலத்துக்கு தனியா ஒரு பக்கம் போதும், ஆனா விட்டுடாதீங்க, காரணம் சொல்றேன்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றோம், எரர். புதுசா எழுதறவங்க எல்லாரும் எரர் கம்மியா இருக்கறவரை நல்ல ஃபீல்டர்னு எழுதிடறாங்க. ஃபீல்டிங் பெர்சன்டேஜ்னா புட்அவுட்டையும் அசிஸ்ட்டையும் கூட்டி, அதை அந்த ரெண்டோட எரரையும் சேத்த மொத்தத்தால வகுக்கறது, அவ்ளோதான். நம்ம ஏரிக்குள்ள டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடும்போது ஒருத்தன் இருப்பான், நின்ன எடத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டான், கைக்கு நேரா வந்ததை மட்டும் புடிப்பான், கேட்டா நான் ஒரு கேட்ச் கூட விட்டதில்லைம்பான். அவன் பெர்சன்டேஜ் நூத்துக்கு நூறு.

ஓஸி ஸ்மித்தை எடுத்துக்கோங்க, ஷார்ட்ஸ்டாப்ல அவருக்கு மேல யாரும் இல்லன்னு பாதி அமெரிக்கா சொல்லும். 1980ல அவரு இன்னும் சான் டியாகோ டீம்ல இருந்தாரு, அந்த வருஷம் 24 எரர். கணக்கு மட்டும் பாக்கறவன் அடுத்த பக்கத்துக்கு போயிடுவான். அதே வருஷம் அவரு அசிஸ்ட் 621, ஷார்ட்ஸ்டாப்ல ஒரு சீசனுக்கு அதுதான் இன்னைக்கும் ரெக்கார்டு. புட்அவுட் 288, ரெண்டையும் கூட்டினா 909, ஆடின மேட்ச் 158, வகுத்தா மேட்சுக்கு 5.75. இதுக்கு பேரு ரேஞ்ச் ஃபேக்டர், பில் ஜேம்ஸ்னு ஒருத்தர் பரப்பின கணக்கு. மத்தவங்க எட்டாத பந்துக்கெல்லாம் இவரு போய் சேந்திருக்காரு, போய் சேந்ததுனால தான் சிலது கை நழுவி எரர் ஆச்சு, போகாதவனுக்கு அது பேஸ் ஹிட்னு எழுதிட்டு விட்டிருப்பாங்க. அதனால ஒவ்வொரு கட்டத்துலயும் எரருக்கு முன்னாடி ரேஞ்ச் ஃபேக்டரை எழுதுங்க, இன்னிங்ஸ் கணக்கு இருந்தா மேட்சுக்கு பதிலா ஒம்போது இன்னிங்ஸுக்கு எவ்ளோன்னு போடுங்க, அது இன்னும் சரியா வரும்.

எரர் எப்படி ஏமாத்தும்ங்கறதுக்கு கார்டினல்ஸ் வரலாறுலயே ரெண்டு சம்பவம் இருக்கு, ரெண்டுமே வேர்ல்டு சீரிஸ்ல, அதாவது சாம்பியனை முடிவு பண்ற ஏழு மேட்ச் இறுதித் தொடர்ல. 1968, ஏழாவது மேட்ச், ஏழாவது இன்னிங்ஸ், பாப் கிப்சன் பிட்ச்சிங், டெட்ராய்ட் டீம் ஜிம் நார்த்ரப் சென்டருக்கு அடிக்கறாரு. அங்க நிக்கறது கர்ட் ஃப்ளட், 1963ல இருந்து வரிசையா கோல்டு க்ளவ் வாங்கிட்டு இருந்த மனுசன், 1966 சீசன் முழுக்க ஒரு எரர் கூட இல்லாதவரு. பந்தை தப்பா கணிச்சு முன்னாடி ஒரு அடி வெச்சுட்டாரு, திரும்பறதுக்குள்ள தலைக்கு மேல போயிடுச்சு, ரெண்டு ரன், சாம்பியன் பட்டம் கைமாறிடுச்சு. ஸ்கோர் ஷீட்ல அது ட்ரிப்பிள் (தேர்ட் பேஸ் வரைக்கும் போக வெச்ச ஹிட்), எரர் இல்ல. இன்னொண்ணு 1985 ஆறாவது மேட்ச், ஒம்போதாவது இன்னிங்ஸ். அம்பயர் தப்பா சேஃப் குடுத்ததை எல்லாரும் பேசுவாங்க, ஆனா அடுத்து கான்சாஸ் சிட்டி டீம் ஸ்டீவ் பல்போனி தூக்கி அடிச்ச ஃபவுல் பந்து ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ஜேக் கிளார்க் பக்கத்துலயே விழுந்துச்சு, அவரு அதை தொடவே இல்ல, தொடாததுக்கு எரர் இல்ல. பல்போனி மறுபடி நின்னு சிங்கிள் அடிச்சாரு. அந்த மேட்ச்ல கார்டினல்ஸ் எரர் எத்தனைன்னு பாருங்க, பூஜ்யம். அதனால இந்த மாதிரி பெரிய சம்பவங்களுக்கு ஷீட்ல குறிப்புன்னு ஒரு நெட்டு வரிசை விடுங்க, நம்பர்ல வராதது அங்க வரணும்.

அடுத்து கோல்டு க்ளவ். அது மேனேஜர்களும் கோச்சுகளும் ஓட்டு போட்டு குடுக்கறது, 2013ல இருந்து தான் புள்ளிவிவரத்தையும் கால்வாசி சேத்துக்கறாங்க. பேரு பெருசா இருந்தா ஓட்டு வரும், பேட்டிங் நல்லா இருந்தா ஃபீல்டிங்குக்கும் ஓட்டு வரும், நம்ம ஊர் எலெக்ஷன்ல மட்டுமா அப்படி. டெக்சாஸ் டீம்ல ரஃபேல் பல்மேரோ 1999ல ஃபர்ஸ்ட் பேஸ்ல 28 மேட்ச் தான் நின்னாரு, மீதி எல்லாம் வெறும் பேட்டிங், அந்த வருஷம் ஃபர்ஸ்ட் பேஸ் கோல்டு க்ளவ் அவருக்கு தான். இதை ஒரு தடவை படிச்சா அப்புறம் அந்த லிஸ்ட்டை கண்ணை மூடிட்டு நம்ப மாட்டீங்க.

கார்டினல்ஸ்ல இதனால அடி வாங்கின பொசிஷன் செகண்ட் பேஸ். 60கள்ல ஹூலியன் ஹாவியர் நின்னாரு, எதிர்ல பிட்ஸ்பர்க்ல பில் மாசரோஸ்கி இருந்தாரு, மொத்தம் எட்டு அவரே தூக்கிட்டு போயிட்டாரு. 80கள்ல டாம் ஹெர், ஓஸி ஸ்மித் பக்கத்துலயே நின்னு டபுள் ப்ளே போட்டவரு, 1983ல இருந்து 1991 வரைக்கும் சிகாகோ ரைன் சாண்ட்பெர்க் வருஷா வருஷம் வாங்கிட்டாரு. 1990ல ஹோசே ஒக்கேண்டோ சீசன் முழுக்க மூணே எரர், பெர்சன்டேஜ் .996, அப்பவும் சாண்ட்பெர்க்குக்கு தான் போச்சு. (இந்த ஒக்கேண்டோ 1988ல ஒம்போது பொசிஷன்லயும் நின்னவரு, பிட்ச்சிங் கூட போட்டாரு, ஷீட்ல இவரை எங்க வெக்கறதுன்னு தலையை பிச்சுக்கணும்.) இன்னும் பின்னாடி போனா 1927, ஃப்ராங்கி ஃப்ரிஷ், செகண்ட் பேஸ்ல 641 அசிஸ்ட், ஒரு சீசனுக்கு இன்னைக்கும் யாரும் தாண்டல. அவரு காலத்துல அவார்டே கெடையாது. 1957க்கு முன்னாடியும் ஒரு பக்கம் எழுதுங்கன்னு சொன்னேன்ல, இவருக்காகத்தான். அவார்டை மட்டும் பாத்து எழுதினா ஃபெர்னாண்டோ வீன்யா 2001, 2002, கோல்டன் வாங் 2019, 2020, டாமி எட்மன் 2021ன்னு செகண்ட் பேஸ் வரலாறே இந்த நூற்றாண்டுல தான் பொறந்த மாதிரி தெரியும்.

அவுட்ஃபீல்டுக்கு இன்னொரு சிக்கல். 1961ல இருந்து 2010 வரைக்கும் லெஃப்ட், சென்டர், ரைட்டுன்னு பிரிக்காம மொத்தமா மூணு பேருக்கு குடுத்தாங்க, பெரும்பாலும் சென்டர் ஃபீல்டருங்களே வாங்கிட்டு போயிடுவாங்க. அதனால லெஃப்ட் ஃபீல்டு நெட்டு வரிசை அம்பது வருஷத்துக்கு வெறிச்சோடி கெடக்கும். லூ ப்ராக் அங்க பதினஞ்சு வருஷம் நின்னாரு, ஒரு கோல்டு க்ளவ் கூட இல்ல, அவருக்கு அது ஒரு வகைல நியாயம் தான், ஓட்டத்துல 938 பேஸ் திருடின (பேட்ல படறதுக்கு காத்திருக்காம, பிட்ச்சர் எறியறப்பவே அடுத்த பேஸுக்கு ஓடிடறது) காலு ஃபீல்டிங்ல அவ்ளோ உதவல, எரர் நெறைய. டைலர் ஓநீல் 2020லயும் 2021லயும் வாங்கினாரு, பிரிச்சு குடுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்.

இனி பொசிஷன் பொசிஷனா. எல்லாத்துக்கும் ஒரே அளவுகோலை வெச்சீங்கன்னா கணக்கு கண்டிப்பா தப்பும், ஏன்னா புட்அவுட்ங்கறது எல்லா எடத்துலயும் ஒரே விஷயம் இல்ல. பேட்ஸ்மேன் ஸ்ட்ரைக்அவுட் ஆனா அந்த புட்அவுட் கேட்ச்சர் கணக்குல ஏறும், அது பிட்ச்சரோட திறமை. ஷார்ட்ஸ்டாப் உழைச்சு எறிஞ்ச பந்தை ஃபர்ஸ்ட் பேஸ்மேன் சும்மா நின்னு புடிச்சா புட்அவுட் அவருக்கு. அதனால இந்த ரெண்டு எடத்துலயும் ரேஞ்ச் ஃபேக்டரை அடிச்சுடுங்க.

நடுக்கோட்டுல இருந்து ஆரம்பிங்க, அதாவது கேட்ச்சர், ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், சென்டர். பந்து அதிகம் போற எடமும் கஷ்டமான எடமும் அதுதான். ஃபேன்கிராஃப்ஸ்ங்கற புள்ளிவிவர தளத்துல ஒரு சீசனுக்கு பொசிஷன் கஷ்டத்துக்கு ரன் கணக்கு வெச்சிருக்காங்க: கேட்ச்சருக்கு 12.5 கூட்டல், ஷார்ட்ஸ்டாப் 7.5, செகண்ட், தேர்ட், சென்டர் மூணுக்கும் 2.5, லெஃப்ட், ரைட்டுக்கு 7.5 கழித்தல், ஃபர்ஸ்ட் பேஸுக்கு 12.5 கழித்தல். லெஃப்ட்ல பத்து ரன் காப்பாத்தினவரும் ஷார்ட்ஸ்டாப்ல பத்து ரன் காப்பாத்தினவரும் சமம்னு எழுதக் கூடாதுன்னு இதுலயே தெரியுதுல்ல.

கேட்ச்சர்னா கார்டினல்ஸ்ல யாடியர் மொலீனா, 2004ல இருந்து 2022 வரைக்கும் 19 சீசன், ஒரே டீம், ஒம்போது கோல்டு க்ளவ். இங்க பாக்க வேண்டியது பேஸ் திருட வர்றவங்கள்ல எத்தனை பேரை எறிஞ்சு அவுட் ஆக்கினாருங்கறது, அவருக்கு வாழ்நாள் கணக்கு 40 பெர்சன்ட் கிட்ட வரும், ரொம்ப பெருசு. ஆனா அதை விட முக்கியம் திருட முயற்சியே எத்தனைங்கறது. அவரு உக்காந்திருந்தா ஓடறதுக்கே யோசிப்பாங்க, ஓடாதவனை அவுட் ஆக்க முடியாது, அதனால அசிஸ்ட் கம்மியா தெரியும். கம்மியா தெரியறது தான் அவரோட பெருமை. நல்லா எறியற அவுட்ஃபீல்டருக்கும் இதே தான், ரெண்டு வருஷத்துல பேரு பரவிடும், அப்புறம் எவனும் அடுத்த பேஸுக்கு ஓட மாட்டான்.

ஷார்ட்ஸ்டாப் நெட்டு வரிசையில 1982க்கு கீழ ஒரு தடிமனான கோடு போடுங்க. கேரி டெம்பிள்டனை குடுத்துட்டு ஓஸி ஸ்மித்தை வாங்கினது அந்த சீசனுக்கு தான், அந்த வருஷமே சாம்பியன். பேட்டிங்ல பாத்தா டெம்பிள்டன் தான் மேல, ஆனா மேனேஜர் வைட்டி ஹெர்சாக் வேற கணக்கு போட்டாரு: மைதானத்துல செயற்கை புல்லு, பந்து வழுக்கிட்டு வேகமா வரும், ஹோம் ரன் கஷ்டம், அப்ப ஓடறவனும் புடிக்கறவனும் தான் வேணும். ஸ்மித் 1980ல இருந்து 1992 வரைக்கும் தொடர்ந்து 13 கோல்டு க்ளவ், அதுல முதல் ரெண்டு சான் டியாகோ கணக்கு, கார்டினல்ஸ் கணக்குல 11 தான். டீம் வரலாறு எழுதும்போது இந்த பிரிவினையை கறாரா செய்யணும், பல பேரு 13ஐயும் தூக்கி உள்ள போட்டுடறாங்க. தேர்ட் பேஸ்ல நோலன் அரெனாடோவும் அப்படித்தான், தொடர்ந்து பத்து, ஆனா எட்டு கொலராடோவுது, 2021ம் 2022ம் மட்டும் இங்க. ஸ்காட் ரோலன் 2002ல நடு சீசன்ல வந்தாரு, கீத் ஹெர்னாண்டஸ் 1983 ஜூன்ல நியூயார்க் மெட்ஸுக்கு போனாரு, இவங்களுக்கு அந்த வருஷ இன்னிங்ஸை ரெண்டா பிரிச்சு நம்ம டீம்ல நின்னதை மட்டும் எழுதிட்டு அவார்டுக்கு பக்கத்துல பாதின்னு குறிச்சுக்கோங்க.

ஹெர்னாண்டஸ் பத்தி ஒரு வார்த்தை. ஃபர்ஸ்ட் பேஸ்னா வயசானவங்களை, ஓட முடியாதவங்களை நிறுத்தற எடம்னு ஒரு பேச்சு உண்டு, அவரு அதை பொய்யாக்கினாரு. இடது கைக்காரர், அதனால பந்தை எடுத்தவுடனே உடம்பை திருப்பாம செகண்டுக்கோ தேர்டுக்கோ எறியலாம், பண்ட் (பேட்டை வீசாம லேசா தட்டி விடற பந்து) வந்தா தேர்ட் பேஸ் பக்கம் வரைக்கும் பாஞ்சு வந்து எடுப்பாரு. ஃபர்ஸ்ட் பேஸ்ல மொத்தம் 11 கோல்டு க்ளவ், வேற யாரும் அவ்ளோ வாங்கினதில்ல. இந்த எடத்துக்கு அசிஸ்ட்டை மட்டும் பாருங்க, அவரு வித்தை அதுல தான் தெரியும்.

சென்டர்ல ஃப்ளட், வில்லி மெக்கீ, ஜிம் எட்மண்ட்ஸ், ஹாரிசன் பேடர்னு வரிசை நல்லாவே இருக்கு, எழுத கஷ்டம் இல்ல. எட்மண்ட்ஸ் 2004ல ஹூஸ்டனுக்கு எதிரா பிளேஆஃப் ஏழாவது மேட்ச்ல முதுகை காட்டி ஓடி பாஞ்சு புடிச்ச கேட்ச் வீடியோ ஒரு தடவை பாத்துடுங்க. தேர்ட் பேஸ்ல கென் போயர் அஞ்சு வாங்கினவரு, அப்புறம் டெர்ரி பெண்டில்டன், ரோலன், அரெனாடோ. பிட்ச்சர்ல பாப் கிப்சன் 1965ல இருந்து 1973 வரைக்கும் ஒம்போது, பந்தை எறிஞ்சுட்டு உடம்பு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் சாஞ்சு விழற மாதிரி போற ஆளு எப்படி அவ்ளோ வாங்கினாருங்கறது எனக்கு இன்னமும் ஆச்சரியம். ரைட் ஃபீல்டுல ஜேசன் ஹேவர்டு 2015 ஒரு சீசன், நீளமா எழுத ஒண்ணும் இல்ல.

ஒரு கட்டத்தை இன்னொரு வருஷ கட்டத்தோட ஒப்பிடறதுக்கு முன்னாடி ஷீட்ல குறுக்க சில கோடு போட்டுக்கோங்க. 1966 மே மாசம் பழைய மைதானத்தை விட்டு புஷ் ஸ்டேடியத்துக்கு மாறினது, 1970ல செயற்கை புல்லு, 1996ல மறுபடி நெஜ புல்லு, 2006ல இப்ப இருக்கற மைதானம், 2023ல ஷிஃப்ட் தடை. இந்த கடைசி ஒண்ணு சின்ன விஷயம் இல்ல, அதுக்கு முன்னாடி இடது கை பேட்ஸ்மேன் வந்தா மூணு இன்ஃபீல்டருங்க ஒரே பக்கம் போய் நிப்பாங்க, இப்ப ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பேரு நிக்கணும், செகண்ட் பேஸ்மேன் மறுபடி ஓடி புடிக்க வேண்டியிருக்கு. பிட்ச்சர்களையும் பாக்கணும். 1996ல இருந்து 2011 வரைக்கும் பிட்ச்சிங் கோச்சா இருந்த டேவ் டங்கன் பந்தை தாழ்வா போட்டு தரையில உருள வெக்கறதுல கெட்டிக்காரர், அந்த காலத்துல இன்ஃபீல்டருங்க அசிஸ்ட் கொஞ்சம் தூக்கலா தெரிஞ்சா அதுல பாதி அவரு கைங்கரியம். இப்ப ஸ்ட்ரைக்அவுட் எக்கச்சக்கமா ஏறிடுச்சு, பேட்ல பட்டு வர்ற பந்தே கம்மி, அதனால இன்னைக்கு ஷார்ட்ஸ்டாப்புக்கு 400 அசிஸ்ட் வந்தா 621ஓட நேரா வெச்சு மட்டம்னு எழுதாதீங்க. அந்தந்த வருஷ லீக் சராசரியோட வெச்சு பாருங்க.

ஒரு ஃபீல்டர் சராசரி ஆளை விட எவ்ளோ அதிகமா காப்பாத்தினாருன்னு அளக்கற புது கணக்குங்களுக்கு தேதி உண்டு, அதையும் குறிச்சுக்கோங்க. யூஇஸட்ஆர் (UZR) 2002ல இருந்து, டிஆர்எஸ் (DRS) 2003ல இருந்து, கேமரா வெச்சு அளக்கற ஓஏஏ (OAA) 2016ல இருந்து. அதுக்கு முந்தின காலத்துக்கு டோட்டல் ஸோன்னு ஒண்ணு இருக்கு, அது பழைய மேட்ச் குறிப்புல இருந்து ஊகிச்சு போடறது, திசை காட்டும், துல்லியம் எதிர்பாக்காதீங்க. ஒரே ஒரு சீசன் நம்பரை வெச்சு ஒருத்தரை தூக்கவும் கூடாது, எறக்கவும் கூடாது, மூணு வருஷத்தை சேத்து பாத்தா தான் ஆளு யாருன்னு தெரியும்.

இதெல்லாம் முடிஞ்சதும் அவார்டு நெட்டு வரிசையை நெரப்புங்க. அப்ப தான் 2021 வருஷம் கண்ணுக்கு படும், கோல்ட்ஷ்மிட், எட்மன், அரெனாடோ, ஓநீல், பேடர்னு ஒரே டீம்ல அஞ்சு பேரு, அது வரைக்கும் எந்த டீமும் அஞ்சு வாங்கினதில்ல. அதுல கேட்ச்சரும் இல்ல, ஷார்ட்ஸ்டாப்பும் இல்லங்கறது தான் எனக்கு வேடிக்கை, இந்த டீமோட புகழே அந்த ரெண்டு எடத்தால வந்தது.

வருஷத்தை மூடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஒரு இன்னிங்ஸுக்கு மூணு அவுட், ஒவ்வொரு அவுட்டும் யாராவது ஒருத்தர் புட்அவுட்டா ஏறியே தீரணும். அதனால ஒம்போது பொசிஷன்லயும் நின்ன எல்லாரோட புட்அவுட்டையும் கூட்டினா அது டீம் மொத்த இன்னிங்ஸோட மூணு மடங்கா வரணும், 162 மேட்ச் சீசனுக்கு சுமாரா 1,440 இன்னிங்ஸ், 4,300 புட்அவுட் பக்கம். கம்மியா வந்தா ரெண்டு மூணு பொசிஷன்ல நின்ன ஆளு யாரையோ விட்டிருக்கீங்க, 2001ல ஆல்பர்ட் பூஹோல்ஸ் மாதிரி, முதல் வருஷமே ஃபர்ஸ்ட், தேர்ட், லெஃப்ட், ரைட்டுன்னு நாலு எடத்துல நின்னவரு. அதிகமா வந்தா நடு சீசன்ல டீம் மாறின எவரோட முழு வருஷ கணக்கையோ உள்ள போட்டிருக்கீங்க, முதல்ல 1983, 2002 வரிசையை திறந்து பாருங்க.